ஒரு முழ வெளிச்சம்

சமையலறை ஜன்னலில்
துணிக்கழியை உள்ளே இழுக்கும்போதுதான் பார்த்தேன்.
எதிர் புளோக்கின் கீழே
உடையப்பன் கடையின் ஷட்டர்
தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது.
அந்த ஒரு முழத்தில் வெளிச்சம்.
வெளிச்சத்தின் வழியே ஒரு துடைப்பம் நீண்டு
கருப்பும் நரையுமாக மயிரைத் தள்ளிவிட்டு
உள்ளே போனது.

அதிரடித் திட்டத்தில்
முடிதிருத்தவும் கூடாது என்று சொல்லி
ஆறு நாள் ஆகியிருந்தது.

என் மனைவி வளர்மதி தாதி.
அன்று வேலை முடிந்து வந்தவள்
கதவருகிலேயே சீருடையைக் கழற்றிப் பையில் கட்டினாள்.
மூக்கின் மேல் முகக்கவசம் பதித்த கோடு
தூங்கி எழுந்தும் போகவில்லை.
கீழே யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பைத்தான்
என்னால் பொறுக்க முடியவில்லை.

கைபேசியில் மூன்று படம்.
மூன்றாவதில்
ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே வந்தவனின் பிடரி
புதுச் சுண்ணாம்பாய் விழுந்திருந்தது.
செயலியில் இடம், நேரம், புளோக் எண் நிரப்பி
அனுப்பிவிட்டு
மறுபடி துணிக்கழியை எடுத்தேன்.
வளர்மதியின் சட்டைகள் இன்னும் ஈரம்.

அபராதம் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.
ஆயிரம் வெள்ளி. மிஞ்சினால் இரண்டாயிரம்.
அவருக்கு அது இரண்டாம் முறையாம்.
முதல்முறை எச்சரிக்க வந்த அதிகாரியிடம்
வாடகைச் சீட்டை நீட்டி
"தம்பி, இதையும் மூடச் சொல்லுங்க" என்றாராம்.
ஆறு வாரம் சிறை.
இரவுச் செய்தியில்
வானிலைக்குச் சற்று முன்னால் வந்து போனது.

அதன் பிறகுதான்
எங்கள் பேட்டைக்குக் கோபம் வந்தது.

இங்கே கோபம் தெருவுக்கு வராது.
மின்தூக்கியின் நான்கு மூலைகளில் நின்று
எண்கள் மாறுவதைப் பார்த்தபடி முணுமுணுக்கும்.
காப்பிக்கடையில்
நாடா ஒட்டாத இருக்கையாகப் பார்த்து உட்காரும்.
தண்ணிக்கடை குவெக் அக்கா
கோப்பையை நங்கென்று வைத்து
எனக்குப் புரியும் மலாயில் கேட்டார்:
"ஆளைக் கொன்றானா அவன்?"
பேரங்காடியில் கழிவறைத் தாளுக்குத்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோமே,
அதற்கு எத்தனை வாரம்
என்றார் ஒரு டாக்சிக்காரர்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
நானும்.

பத்தாம் மாடி ஜமாலுதீன்
மனுவோடு வீடுவீடாக வந்தார்.
அவரவர் பேனாவால் கையெழுத்திடவும்
என்று மேலே எழுதியிருந்தது.
நான் நாற்பத்தோராவது ஆள்.
கை நடுங்கவில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வளர்மதியிடம் மனுவைச் சொன்னேன்.
படத்தைச் சொல்லவில்லை.
"கொல்லலதான்" என்றாள் சோற்றைப் பிசைந்தபடி.
"பதினாலாம் படுக்கைக்காரர்
கடைசியா எங்க முடிவெட்டினாரோ,
யார் கண்டா."
ஒரு கவளம் உண்டுவிட்டு
"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல,
நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள்.
இரண்டையும் எங்கே வைத்துக்கொள்கிறாள்
என்று எனக்குத் தெரியவில்லை.

கடை மறுபடி திறந்து
இரண்டு வாரம் கழித்துப் போனேன்.
அதுவரை என் தலை வளர்மதியின் கத்தரியில்;
காதுக்கு மேலே படிக்கட்டு.
அவர் தலையில் அரை அங்குல முளை.
"உள்ள அஞ்சு நிமிஷத்துல மெஷினை ஓட்டிடறானுங்க,
பிடரியில ஒரு லைன் கிடையாது"
என்று வருத்தப்பட்டார்.
ஆறு வாரத்தைப் பற்றி
அவர் சொன்னது அவ்வளவுதான்.

துண்டை என் கழுத்தில் முடிந்தார்.
கண்ணாடியில் அவருக்குப் பின்னால் வாசல்,
வாசலுக்கப்பால் எங்கள் புளோக்,
மூன்றாம் மாடி,
கழியில் தொங்கும் என் நீலச் சட்டை.
இங்கிருந்து பார்த்தால்
பொத்தான் ஒன்று இல்லாததுகூடத் தெரியும்போல.

"குனிங்க" என்றார்.
குனிந்தேன்.
கத்தி பிடரியில் நேர்கோடாக இறங்கியது,
அவசரமே இல்லாமல்.

பத்து வெள்ளி என்றார்.
முன்பு எட்டு.
ஏன் என்று கேட்கவில்லை.