இரண்டாம் பாகத்திலிருந்து

ஹார்ட்டில்பூலில், இறந்தவர்களின் வீட்டைக்
காலி செய்து கொடுப்பது என் பிழைப்பு.
கெல்வினும் நானும். ஒரு வெள்ளை வேன்.
துறைமுகம் பார்த்த மாடிவீடு ஒன்றில்
மேசையின் குட்டைக் காலுக்கு
முட்டுக்கொடுத்துக் கிடந்தது அது:
பச்சைத் துணி அட்டை, பிய்ந்த முதுகு,
‘இரண்டாம் பாகம்’ மட்டும் படிக்கத் தெரிந்தது.
உருவியதும் மேசை சாய்ந்தது.
திட்டு எனக்குத்தான்.

பள்ளியில் இந்த ஆளைப் பாடமாக வைத்திருந்தார்கள்.
முதல் பக்கம் முழுக்க ஒரே வாக்கியம்.
நான் முற்றுப்புள்ளிக்கு வந்து சேர்வதற்குள்
மணி அடித்துவிட்டது.
அதோடு விட்டேன். அப்போது பதின்மூன்று வயது.
இப்போது ஐம்பத்திரண்டு.

அன்று மழை. குப்பைக் கிடங்கின் கேட் திறக்க
இன்னும் நாற்பது நிமிடம்.
கெல்வின் வாய் பிளந்து தூங்கினான்.
பிரித்தேன்.

கெசியா என்றொருத்தி அழுதுகொண்டிருக்கிறாள்.
கையில் கடிதம். அடுப்பில் போடப் போகிறாள்.
யார் எழுதியது, தெரியாது.
ஒரு வக்கீல் வருகிறான், அறையே எழுந்து நிற்கிறது.
என்னைத் தவிர எல்லோருக்கும்
காரணம் தெரிந்திருக்கிறது.

எனக்கென்ன, பழகிய நிலைமைதான்.
எந்த வீட்டுக்குள்ளும் நான்
இரண்டாம் பாகத்தில்தான் நுழைகிறேன்:
சுவரில் படம் இருந்த இடத்தில் வெளிறாத சதுரம்,
ஒற்றைக் குழந்தைச் செருப்பு,
கேஸ் கம்பெனிக்கு எழுதி, ஒட்டாமல் விட்ட உறை.
முன்கதை கேட்டா மூட்டை கட்டுகிறோம்?

தெரியாத சொல் வந்தால்,
பஸ்ஸில் யாரோ குட்மார்னிங் சொன்னது போல
தலையசைத்துவிட்டு நகர்ந்தேன்.
வாக்கியங்கள்தான் பாடாய்ப் படுத்தின.
பிறகு பிடிபட்டது:
இது அலமாரி. மாடிப்படியில் இறக்க வேண்டிய அலமாரி.
முதலில் கதவைக் கழற்று. இழுப்பறைகளை உருவு.
திருப்பத்தில் நிமிர்த்து, மூச்சு விடு,
சுவரில் கீறாமல் கீழே கொண்டுவா.
கீழே வைத்ததும் ஒருமுறை தட்டிப் பார்.
நல்ல மரம்.

சத்தமாய்ப் படித்தால் இன்னும் எளிது.
கெல்வின் காதில் விழட்டும் என்று படிக்கவில்லை.
ஆனால் வியாழக்கிழமை, சிப்ஸ் தின்றபடி,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
“அந்த வக்கீல் என்ன ஆனான், லொரேன்?”

நனைந்த ரயிலடியில் கெசியா நிற்கிறாள்.
அத்துடன் என் பாகம் தீர்ந்தது.

நூலகத்தில் மூன்றும் ஒரே மெலிந்த அட்டைக்குள்,
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
“நேரே மூணாவதுக்குப் போ” என்றான் கெல்வின்.
எனக்கோ முதல் பக்கம் வேண்டும்.
பள்ளியில் என்னைத் திணறடித்த வாக்கியம் இதில்தான் இருக்கும்,
இம்முறை ஒரு கை பார்த்துவிடலாம்.
இல்லை. அது வேறு நாவலாம்.
இது ஒரு சாக்கடை வழக்கோடு தொடங்குகிறது.
முப்பது பக்கம் சாக்கடை.
இங்கே தொடங்கியிருந்தால்
பதின்மூன்று வயதுக்காரி மறுபடி ஓடியிருப்பாள்.

சாக்கடை தாண்டி ஒரு கடைவாசலில்
கெசியா ரிப்பன் விலை பேசுகிறாள்,
பத்தொன்பது வயது, எதற்கோ சிரிக்கிறாள்.
அவள் அழுது பார்த்தபோது சும்மா இருந்த எனக்கு
இந்தச் சிரிப்புத் தாங்கவில்லை.
வேனை ஓரம் கட்டினேன்.

என் பச்சைப் புத்தகம் தொடங்குவது
இதில் இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கம்.
நேற்றிரவு இருநூற்று அறுபத்தெட்டில்
தபால்காரன் படியேறினான்.
மூடி வைத்துவிட்டேன். நிற்கட்டும், மழையில்.

அந்த வீட்டு ஆள் ஒரு வரியாவது படித்தாரா,
உயரம் சரியாய் இருந்ததென்று வைத்தாரா?
மற்ற இரண்டும் எந்த மேசைகளுக்கு அடியில்?
இப்போதெல்லாம் எந்த வீட்டிலும்
முதலில் குனிந்து மேசைக்காலைத்தான் பார்க்கிறேன்.
இன்று காலை ஒன்றுக்குக் கீழே
நான்காய் மடித்த அட்டை.
விரித்தேன்.
சோப்புத்தூள் பெட்டி.