ஏழில் ஒருத்தி

வினிப்பெக், மைனஸ் முப்பத்தொன்று.
நிறுத்துமிடத்தில் கார்கள் எல்லாம்
கம்பத்தில் வயரை மாட்டிக்கொண்டு தூங்குகின்றன.
உள்ளே நான்
இரத்தம் பிரிக்கிறேன்.

ஒரு துளி இரத்தம், ஒரு துளி திரவம்,
சுழற்றி எடுத்துக் குலுக்க வேண்டும்.
பால் திரிந்தாற்போல் திரண்டால் பாசிட்டிவ்.
இல்லையென்றால் நெகட்டிவ்.
பதினோரு வருஷமாய் இதுதான் எனக்குச் சோறு.

குறை சொல்ல மாட்டேன்.
இந்த இரண்டு தட்டும் இல்லாத காலத்தில்
முதல் பிள்ளை தங்கும்
இரண்டாவது மஞ்சள் பூத்துப் பிறக்கும்
மூன்றாவது அழவே அழாது.
"அவ வயிறு ராசியில்லாத வயிறு" என்று ஊர் சொல்லும்.
இல்லாதது ராசி அல்ல,
டி என்கிற ஓர் எழுத்து.
இப்போது ஓர் ஊசி போதும்.
யாரோ ஒருத்தி நடுராத்திரியில்
சரியான சொல்லை எழுதியிருந்தால்.

ஆனால் சனிக்கிழமை
அரிசி வாங்கப் போனால்
கடைக்காரர் தவநேசன் கேட்கிறார்:
"நீங்கள் இந்தியாவோ, சிலோனோ?"
கெட்ட மனுஷர் இல்லை.
தெரிந்துவிட்டால்
சிவப்பரிசியா பொன்னியா என்று கேட்காமலே
மூட்டையை எடுத்து வைப்பார், அவ்வளவுதான்.
நான் பருப்புப் பாக்கெட்டில்
காலாவதித் தேதியைப் படிக்கிறேன்.

நுவரெலியாவில் பிறந்த அம்மாவை
இந்தியாக்காரி என்றார்கள்.
ஏழு பேர் அங்கே, நாலு பேர் இங்கே என்று
இரண்டு நாடுகள் உட்கார்ந்து கணக்குப் போட்டன.
அம்மா ஏழில் ஒருத்தி.
ஒரே லயத்தில் ஒரே பாயில் படுத்த பெரியம்மா
நாலில் ஒருத்தி.
கோத்தகிரியில் பஸ் இறங்கிய நாள்முதல்
அம்மா சிலோன்காரி.
கூட்டலில் பிழை இல்லை.
பதினொன்று சரியாக வந்தது.

நேற்று இரவு இரண்டே முக்காலுக்கு
ஒரு குழாய் வந்தது.
பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
இருபத்தாறு வாரம், தலைச்சன்.
குலுக்கினேன். ஒன்றும் இல்லை.
நெகட்டிவ் என்று எழுதப் போன கை
ஏனோ நின்றது.
சூட்டில் வைத்தேன். காத்திருந்தேன்.
கழுவினேன், இன்னொரு துளி விட்டேன்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல்
மங்கலாய், துளியூண்டு,
திரண்டிருக்கிறது.

பக்கத்து மேசை மரிசெல் எட்டிப் பார்த்தாள்.
"வீக் டி" என்றாள், கொட்டாவியோடு.

எங்கள் கையேட்டில் இதற்கு விதி உண்டு.
இவள் இரத்தம் கொடுத்தால் பாசிட்டிவ்.
இவளுக்கே ஏற்றுவதென்றால் நெகட்டிவ்.
ஒரே பெண், இரண்டு தட்டிலும்.
யாருக்கு ஆபத்தோ
அவர் பக்கம் சாய்கிற பெயர்.
அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.
அதில் அப்படி ஒரு விதி இல்லை.

ஊசி போடவும் என்று எழுதி அனுப்பினேன்.
ஏழு மணிக்கு வெளியே வந்து
கம்பத்திலிருந்து வயரைப் பிடுங்கினேன்.
குழாய்போல விறைத்திருந்தது.
எஞ்சின் இருமிக் கிளம்பியபோது
தவநேசன் நினைவு.

சனிக்கிழமை போவேன். கேட்பார்.
இந்தத் தடவை சொல்வேன்:
பார்த்தவுடனே தெரியாது அண்ணே.
ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.