இருபது லிட்டர்

பெயிண்ட் வாளிதான்.
பஞ்சாயத்து அலுவலகச் சுவரின் நீலம்
விளிம்பில் இன்னும் காய்ந்து கிடக்கிறது.
ஊற்றுக் குழாயின் வாயில் அதை வைத்து
செல்போனில் நேரத்தை அமுக்குகிறேன்.
நிறைய எத்தனை நொடி?
நோட்டின் முதல் பக்கத்தில்,
மார்ச் பதினொன்று: நூற்று நாற்பத்தாறு.
எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.
யாரும் கேட்பதில்லை.
போடுகிறேன்.

மன்னவனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு
நான் தண்ணீர் திறந்துவிடுகிறவன்.
மேலத்தெருவுக்கு ஆறு மணி, காலனிக்கு ஏழரை.
தண்ணீர் தொட்டியில்தான் பிறக்கிறது என்று
வால்வுச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டபடி
வெகுநாள் நம்பியிருந்தேன்.
ஒரு கோடையில் தொட்டி இருமியது.
குழாயைத் திறந்தால் காற்று,
காற்றுக்குப் பின்னால் செத்த தலைப்பிரட்டை ஒன்று.
குழாய் வந்த வழியே மேல்நோக்கி நடந்தேன்.

மேலே முழுக்கச் சீகை.
தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று
சர்க்கார் நட்டு,
பட்டை வேண்டாமென்றானதும் அப்படியே விட்ட மரம்.
ஒன்றை வெட்டினால் வேர் பத்தாய் எழுந்து நிற்கும்.
அடியில் உட்கார்ந்தால் குளுகுளுவென்றிருக்கிறது;
மண்ணைக் கிள்ளினால் மூக்குப்பொடி.

சரிவு முடியுமிடத்தில் ஒரு சதுப்பு இருந்தது,
இறங்கிய மாட்டை முழங்கால்வரை விழுங்குகிற சதுப்பு.
அதன் நெஞ்சைக் கீறிக்கொண்டு
நேர்கோடாய் ஒரு கால்வாய், இடுப்பாழம்.
வெட்டியது நான்.
வெள்ளைக்கண்ணுவின் உருளைக்கிழங்குக்காக
மூன்று நாள் கூலி, நாலாம் நாள் பிரியாணி.
மண்வெட்டி கடைசிக் கரையை உடைத்ததும்
பாய்ந்து போனதைப் பார்த்து
'எம்புட்டுத் தண்ணி!' என்று கைதட்டினோம்.
போனது ஊரின் சேமிப்பு என்று
ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

சீகையை வேரோடு பிடுங்கப் போனபோது
ஒச்சம்மாள் அரிவாளோடு குறுக்கே நின்றாள்.
'உலைக்கு உன் வால்வையா எரிக்க?'
பதில் இல்லை. கீழ்ச்சரிவில்
நாற்பது மரம் அவளுக்கென்று விட்டோம்.
வனத்துறைக் கணக்கில் அது கிடையாது.

பிடுங்கிய கட்டைகளையே குறுக்கே போட்டு
கல்லும், புல்லோடு பெயர்த்த மண்கட்டியுமாய்
கால்வாயை அடைத்தேன். எட்டு நாள்.
இந்த முறை பிரியாணி இல்லை.

ஐப்பசி மழையில் மொட்டைச் சரிவு கரைந்து
தொட்டிக்குள் டீ நிறத்தில் வந்தது.
காலனிப் பெண்கள் ஒரு குடத்தை
என் வாசலில் கவிழ்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போனார்கள்.
நட்ட புல்லில் பாதி பிழைத்தது.
பாதியைக் காட்டுமாடு தின்றது,
தின்றுவிட்டு அங்கேயே படுத்தது.
அது எழுந்துபோன பள்ளத்தில்
காலையில் தண்ணீர் கசிந்து நின்றது,
மழையே இல்லாத தை மாதத்தில்.

நான்காம் வருடம், அதே மார்ச், அதே வாளி:
நூற்றுப் பத்தொன்பது.
இருபத்தேழு நொடி மிச்சம்.
தெருவில் சொன்னால் சிரிப்பார்கள்.
இந்த ஈரக் காற்றில் இருபத்தேழு நொடியில்
ஒரு பீடிகூடப் பற்றாது.
வெள்ளைக்கண்ணு இப்போது மறுபக்கம்
மோட்டார் வைத்திருக்கிறான்.
சத்தம் இங்கே கேட்கிறது.

அளந்த தண்ணீரைத் தரையில் கொட்ட மனமில்லை.
ஓடையில் சாய்க்கிறேன்.
அமராவதிக்குப் போகட்டும்.
தாராபுரத்தில் எவனோ ஒருத்தன்
தெருமுனையில் குந்தி,
சாவியைத் திருகிவிட்டு
குழாயில் காதை வைத்துக்
கேட்டுக்கொண்டிருப்பான்.