பெயர் உடையாமல்

சமதரைதானே என்று நம்பி வராதே.
மலையில் ஏறினால் இறக்கம் உண்டு,
மிதிக்காமல் உட்கார்ந்தே வரலாம்.
இங்கே ஒவ்வொரு கஜத்தையும்
கால் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.
ஏற்றம் என்றால் பாலம் மட்டும்.

போன மாசியில் தனியாக வந்தேன்.
திருவையாற்றிலிருந்து தஞ்சைக்குள் நுழையுமுன்
ஐந்து பாலம்.
ஒவ்வொன்றின் முதுகிலும்
ஆற்றின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.
காவிரி. குடமுருட்டி. வெட்டாறு. வெண்ணாறு. வடவாறு.
பெயர் நடுவில் உடைந்தால்
வேகம் அதிகம் என்று கணக்கு.
கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்புவதில்லை.
அக்கா மகன் கட்டிக் கழித்தது,
இன்னும் அவன் நெஞ்சையே எண்ணுகிறதோ என்னவோ.

கணக்கு இருந்தும் வேகமாகத்தான் போனேன்.
பலத்தால் இல்லை.
டீக்கடை பெஞ்சில் நாலு தலை திரும்பினால்
கால் தானாக அழுத்தும்.
வடுவூர் ஏரியில் நின்று பறவை பார்க்கவில்லை.
கோட்டூரில் தண்ணீர் வாங்க இறங்கவில்லை.
திருத்துறைப்பூண்டியில் இறங்கியபோது
முழங்கால் வேறு யாருடையதோ போலிருந்தது.
நெல் மூட்டை லாரியில்
சைக்கிளோடு திரும்பினேன்.
கோடியக்கரை வரை போய்வந்ததாக
வீட்டில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாசியில் மூன்று பேர்.
வழுதிக்கு இருபத்தாறு வயது, இருபத்தோரு கியர்.
அமலோற்பவத்துக்கு ஐம்பத்து மூன்று, கியரே இல்லை.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி;
முந்தின நாள் லீவு போட்டுத்
தூங்கிவிட்டு வந்திருந்தாள்.
அவள் சீட்டை இரண்டு விரல் உயர்த்தி
பெயர் சொல்லும் கணக்கைச் சொன்னேன்.
முதல் பாலத்திலேயே வழுதி
கண்ணை விட்டுப் போனான்.
இரண்டாவதில் அவள்
"குட... முருட்டி" என்றாள்.

மெதுவாகப் போவது இவ்வளவு வலிக்கும் என்று
எனக்குத் தெரியாது.
அவள் மிதிக்கு என் மிதியைக் குறைத்ததில்
மணிக்கட்டு மரத்தது, இருக்கை உறுத்தியது,
வாயில் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.
"நீ போயேன்" என்றாள் வடுவூரில்.
போயிருப்பேன்.
அதற்குள் ஏரியைப் பார்த்தபடி சொன்னாள்:
"எங்க வயல் கடைமடை.
மேட்டூர் திறந்தாச்சுன்னு ரேடியோ சொல்லும்.
தண்ணி வர இருபது நாள்.
தலைமடைக்காரன் எப்படிப்பட்டவன்னு
எங்க வயலப் பாத்தாத்தான் தெரியும்."
சொல்லிவிட்டுக் கடலை மிட்டாயை உடைத்துத் தந்தாள்.
பெரிய துண்டு எனக்கு.
நாரைகள் நிறைய இருந்தன.

கோட்டூர் தாண்டி
அறுவடை மிஷின் நிழலில், வைக்கோல் மேல்
வழுதி மல்லாந்து கிடந்தான்.
தொடை பிடித்துக்கொண்டதாம்.
மிஷின் ஓட்டுகிற சேலத்துக்காரர்
அவன் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.
உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை நீட்டி
"காலைல என்ன சாப்ட்ட?" என்றாள் அமலோற்பவம்.
"காபி."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வார்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

பிற்பகலில் கொண்டல் எழுந்தது,
நெஞ்சில் கை வைத்துத் தள்ளும் காற்று.
ஒருவர் பின் ஒருவர்,
சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு முழம்.
நான்தான் முன்னால்.
ரோட்டில் காயும் நெல்லுக்கு விலகி,
படுத்த நாய்க்கு விலகி,
எத்தனை மைலோ, யாரிடமும் மாற்றச் சொல்லாமல்.
முள்ளியாற்றுப் பாலம்.
"முள்ளி"
என் வாயில் உடைந்தது.

பின்னாலிருந்து, ஒரு பிசிறில்லாமல்,
"முள்ளியாறு" என்றாள்.
மணியை ஒரு தட்டுத் தட்டி
வலப்பக்கமாக ஏறி முன்னால் வந்தாள்.
அவள் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை.
வியர்வை, கொஞ்சம் டெட்டால் வாசம்,
வரிசை தவறாமல் கிறீச்சிடும் ஒரு பெடல்.
அதற்கு என் காலைக் கொடுத்தேன்.

"இனிமே பாலம் இருக்காக்கா?"
கடைசியிலிருந்து வழுதி.
போன தடவை வந்தவள் நான்தானே.
தெரியாது என்றேன்.