கதவு எண் நான்கு

விடிகாலை நாலே முக்காலுக்கு
டர்பனில், அம்கேனி சாலையின் நடுவே
நிலையத்தைத் திறக்கிறேன்.
சாவி மூன்று, கையெழுத்து ஒன்று.
கண்ணாடிக் கதவுகள் ஆறையும்
மும்மூன்று தடவை திறந்து மூட வேண்டும்.
ரப்பர் ஒட்டிக்கொள்ளக் கூடாதாம்,
மோட்டார் மறந்துவிடக் கூடாதாம்.
வராத பஸ்ஸுக்குக் கதவு திறப்பது
என் உத்தியோகம்.
மார்பில் பெயர்ப்பட்டை:
தவநேசன் படையாச்சி.
அதில் இரண்டு எழுத்து தப்பு.

முதலில் மழை என்றார்கள்.
பிறகு தார் போட்டவர் பாதியில் காணாமல் போனார்.
பிறகு பஸ்களே வந்துவிட்டன,
துறைமுகத்தில் இறங்கி, முப்பத்தொன்று,
இருக்கையில் பிளாஸ்டிக் உரிக்காமல்.
கதவெல்லாம் இடப்பக்கம்.
நடுரோட்டு நிலையத்துக்கோ
வலப்பக்கம் கதவு வேண்டும்.
பெண் பார்க்கப் போன கூட்டம்
பக்கத்து வீட்டில் பலகாரம் தின்றுவிட்டுத்
திரும்பிய மாதிரி.

பதினேழாம் பேச்சுவார்த்தைக்குத்
தேநீர் ஊற்ற ஆளில்லை என்று
என்னை மண்டபத்துக்கு அழைத்தார்கள்.
திரையில் படம்: ஒரு பஸ், சமக்குறி, எட்டு வேன்.
ஒன்பது வேன்களின் சொந்தக்காரி
நொம்புசோ எழுந்தாள்.
"மீதி ஏழு ஓட்டுநரை
எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறாய்?"
திட்டக்காரர் பக்க எண் சொன்னார்.
அங்கே ஒரு வட்டம், வட்டத்தில் ஒரு சதவீதம்.
"இந்தத் தடத்துக்காக
என் அண்ணனைப் புதைத்திருக்கிறேன்.
அதற்கு என்ன நஷ்டஈடு போட்டிருக்கிறாய்?"
சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கப் போனவன்
கேட்காமல் நின்றேன்.

சிவப்புத் தடத்துக்கு அப்பால்
வேன்கள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
சுட்டுவிரல் மேலே காட்டினால் நகருக்கு.
விரல் கீழே குத்தினால் இங்கேயே, பக்கத்தில்.
என் நிலையத்துச் சுவரில் பன்னிரண்டு நிறத்தில் வரைபடம்,
அதில் விரல்களுக்கு இடமில்லை.
வேனுக்குள் காசு
பின்சீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி வரும்.
முன்சீட்டில் உட்கார்ந்த பாவத்துக்கு
யாரோ ஒரு நர்ஸ் அன்றைய கணக்குப்பிள்ளை;
சில்லறை குறைந்தால் மொத்த வேனும் திரும்பிப் பார்க்கும்.
என் கார்டு மெஷினுக்கு
மின்வெட்டென்றால் நாலு மணிநேரம் தூக்கம்.

போன செவ்வாய் கொட்டியது மழை.
ஓரத்துத் தடங்கள் ஆறாகிவிட்டன.
மேடாக்கிய சிவப்புத் தடம் மட்டும்
நனைந்தாலும் நிமிர்ந்து கிடந்தது.
அதில் ஏறி வந்தான் ம்தோகோசிசி,
எதிர்த்திசையில்,
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி.
சட்டப்படி குற்றம்.
ஆனால் எதிராக வந்ததால்தான்
வேனின் இடக்கதவு
என் கதவு நான்கைப் பார்த்து நின்றது.
முப்பத்தொரு பஸ் வாங்கியவர்களுக்குத்
தோன்றாத யோசனை.

கண்ணாடி வழியே அவன் என்னைப் பார்த்தான்.
நான் பொத்தானைப் பார்த்தேன்.
பிறகு திறந்தேன்.

மேடை முழங்காலுக்கு மேலே இருந்தது.
ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தேன்.
தையற்கடைப் பெண்கள், ஒரு காவல்காரர்,
முதுகில் குழந்தை கட்டிய ஒருத்தி,
அதே நர்ஸ், கை நிறையச் சில்லறையோடு.
"பூட்டி, இது திறக்குமா!" என்றாள்.
எனக்கும் அன்றுதான் தெரியும் என்று
சொல்லவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கதவு நான்கு, பயணிகள் பதினாலு.
குழந்தையைச் சேர்ப்பதா என்று யோசித்துப்
பதினைந்தாக்கினேன்.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
இரண்டு வருடப் பூஜ்யங்களுக்கு நடுவே
இதென்ன எண், எந்த வாகனம்?
"வந்த வாகனம்" என்றேன்.
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

நாளை ஆய்வாளர் வருகிறார்.
கதவு நான்கிலிருந்து சாலை கடக்கும் வழிவரை
சேற்றுக் கால்தடங்கள்
காய்ந்து வெளுத்திருக்கின்றன.
துடைக்கச் சொன்னால் துடைப்பேன்.
இன்னும் யாரும் சொல்லவில்லை.