பக்கத்துக்கு அஞ்சரை

மீன்கடைத் தராசில் ஜன்னலைத் தொங்கவிட்டு
முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்
கோமதிநாயகம்.
பதினொன்றே கால்.
"கண்ணாடியோட சேத்துத்தாங்க்கா. பக்கத்துக்கு அஞ்சரை.
கொஞ்சம் கம்மியா இருந்தாத்தான் கீழ அமந்து உக்காரும்."
சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

முருகன்குறிச்சிக்குப் பின்னால்
பாதிரிமார் கட்டி, பிறகு அப்பா வாங்கிய வீடு.
கதவுபோல் திறக்காது இந்த ஜன்னல்.
கிணற்று வாளிபோல் ஏறும், இறங்கும்:
சட்டத்துக்குள் ஒரு கயிறு, ஓர் உருளை,
கயிற்று நுனியில் இரும்பு.
நாம் மேலே தள்ளத் தள்ள
அது இருட்டுக்குள் கீழே போகும்.
எங்கள் அறை ஜன்னல் மட்டும்
விட்ட இடத்தில் நின்றதில்லை.
முட்டுக்கட்டை ஒன்று எப்போதும் மூலையில் சாய்ந்திருக்கும்.
ஆனிக்காற்றில் அதுவும் வழுக்கும்.

மூன்று நாளாகச் சுரண்டினான்.
பச்சை, அதற்கடியில் சந்தன நிறம், அதற்கடியில்
பெயர் சொல்லத் தெரியாத ஒரு நீலம்.
"தேக்கு அப்படியே கெடக்கு. கீழ்க்கட்டைதான் உளுத்துட்டு."
உளுத்ததை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து
பழைய உத்தரத் துண்டொன்றை இழைத்து ஒட்டினான்.
சுண்ணாம்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும்
சப்பாத்தி மாவுபோல் பிசைந்து
கண்ணாடி ஓரம் கட்டைவிரலால் இழுத்தான்.
அலுமினியம் என்றால் அரைநாள் வேலை என்று
எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று சொன்னார்.
"அப்பம் நீங்க போடுங்க" என்றான், தலை நிமிராமல்.

இன்று காலை சட்டத்தின் பக்கப்பலகையை நெம்பினான்.
குளவிக்கூடு. பல்லி முட்டை ஓடுகள்.
இடப்பக்கம் இரும்பு, துருவேறி, ஆனால் முழுதாக.
வலப்பக்கம் கையை விட்டவன்
சிரித்துக்கொண்டே வெளியே எடுத்தான்:
அரைச் செங்கல்.
குறுக்கும் நெடுக்கும் கட்டிய பள்ளிக்கூட ரிப்பன்.
"இரும்ப உருவிட்டு இத வச்சிருக்கான் பாருங்க.
ஒண்ணரை கிலோ வருமா இது? அதான் விழுந்துகிட்டே இருந்திருக்கு.
எந்தக் களவாணிப்பயலோ,
ரிப்பன் கட்டுத பயலாக்கும்."

முடிச்சு தளரவே இல்லை.
நான் அப்போதும் இரட்டை முடிச்சுதான் போடுவேன்.

எட்டு ரூபாய் தந்தார் சமாதானபுரம் பழைய இரும்புக்காரர்.
எதற்கு என்பது மறந்துபோயிற்று.
வளையலோ, பொருட்காட்சி ராட்டினத்தில் ஒரு சுற்றோ,
அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது எதுவோ.
எட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதே மாதம்தான்
ஜெபசிங்கின் இடதுகைச் சுண்டுவிரல்.
நசுங்கினதற்கு மேல் அடியும் வாங்கினான்:
"ஜன்னல்ல கை வைக்கச் சொன்னது யாருல?"
ரத்தம் துடைத்த துணியை அலசிக் காயப்போட்டது நான்.
பிறகெல்லாம் ஆர்மோனியத்தில்
அந்த விரலைத் தூக்கிவைத்தே வாசிப்பான்.
கோயிலில் எல்லோரும் அதை ஸ்டைல் என்றார்கள்.

"லேத்துல தடிக்கம்பி அறுத்து வாங்கணும்க்கா.
அறுநூறு கேப்பான். பேசிப் பாக்கேன்."
பேச வேண்டாம் என்றேன்.
என்னை ஒருமாதிரி பார்த்தான்.
மூன்று நாளாக ஆணிக்குக்கூட நான் பேரம் பேசியவள்.

நாலு மணிக்குக் கயிறு கோத்தாயிற்று.
தோளளவு தூக்கிக் கையை எடுத்தேன். நின்றது.
இடுப்பளவு. நின்றது.
ஒரு சாண்.
கோமதிநாயகம் டீ குடிக்கப் போன நேரம்
கீழ்க்கட்டைக்கு அடியில் என் சுண்டுவிரலை வைத்தேன்,
வெகுநேரம்.
பெயிண்ட் ஈரம் ஒட்டியது. அவ்வளவுதான்.

மஸ்கட்டுக்குப் படம் அனுப்பினேன்.
"சனியன் ஒருவழியா அடங்கிட்டா" என்று
உடனே பதில், கூட ஒரு சிரிப்புப் பொம்மை.
தட்டத் தொடங்கினேன்:
ஏல, அது ஜன்னலோட தப்பு இல்ல

வாசலிலிருந்து குரல்:
"யக்கா, இந்தச் செங்கலத் தூரப் போட்டுரவா?"