ஐந்தாம் கால்

இரும்பில் செய்த மீன் அது.
பத்து மீட்டர் ஆழத்தில் கப்பலுக்குப் பின்னால்
அதை இழுத்துவருவது என் வேலை,
சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை.
ஆபர்டீன் துறைமுக விளக்கு மறைந்ததும் இறக்குவேன்.
லொஃபோட்டன் மலைகள் தெரிந்ததும் ஏற்றுவேன்.
அதன் வயிற்றுக்குள் ஒரு பட்டுநாடா
தண்ணீர் நுழைய நுழையச் சுருளும்.
கடல் தன்னை அதில் ஒற்றிக்கொண்டே வரும்.

பதினேழு வருஷம்.
என்ன ஒட்டியிருக்கிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மார்ச்சில் புயலடித்து மீனின் வால் நெளிந்தது.
நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகம் போனேன்.
நிலவறை. ஃபார்மலின் வாடை. ஆறிப்போன காபி.
ஓட்னி என்று பெயர் சொன்னாள்.
"உட்காருங்கள், இது உங்கள் கடல்தான்."

சுவருக்குச் சாயம் தேர்வுசெய்பவளைப் போல
பச்சை அட்டையோடு பட்டை ஒப்பிட்டாள்.
பிறகு நுண்ணோக்கி, பிறகு ஊசி.
பாதி அரிசி அளவிலொரு துடுப்புக்காலியைப் புரட்டி
ஐந்தாம் காலைப் பார்க்கச் சொன்னாள்.
உள்ளோரம் நேராக இருந்தால் வடக்கத்தியது,
குழிந்து வளைந்தால் தெற்கத்தியது.
அன்று பார்த்ததில் பாதிக்குமேல் வளைவு.

"எண்ணிக்கை குறைந்துவிட்டதா?"
"அதிகம் இல்லை."
"அப்புறம் என்ன?"

இரண்டையும் அருகருகே கிடத்தினாள்.
வடக்கத்தியதன் முதுகு நீள ஒரு எண்ணெய்த் துளி.
குளிர்காலம் முழுக்க ஆழத்தில் உறங்க
அது கட்டிக்கொண்டு போகும் கட்டுச்சோறு.
மற்றதன் மூட்டையில் அவ்வளவு இல்லை.
அது பெருகும் மாதமும் வேறு: இலையுதிர் காலம்.
காட் மீன் குஞ்சு வாய் திறப்பதோ வசந்தத்தில்.
பந்திக்கு முந்தி வந்தவனுக்குத்தான் பட்டினி.

கடல் காலியாகவில்லை.
குடி மாறியிருக்கிறது.

மைத்துனன் ஐலர்ட் நினைவுக்கு வந்தான்.
பஃபின் வளைகளை எண்ணித் தீவு தீவாய்த் திரிபவன்.
"தோள்வரை கை விட்டேன், குஞ்சு இருந்தது,
ஆனால் கையில் கனமே இல்லை" என்றான் ஜூலையில்.
நான் இழுவைப் படகுக்காரர்களைத் திட்டினேன்.
அவன் எதுவும் பேசாமல்
உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது ஓட்னி கேட்டாள்,
கப்பல் நாளொன்றுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று.
"ஒன்பது டன்."
"அதுவும் இவைதான். ரொம்பப் பழைய இவை.
கடலடியில் புதைந்து, வெந்து, எண்ணெயானவை."
குற்றம் சாட்டும் குரல் இல்லை.
ஊசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

நேற்றிரவு ஆபர்டீன் விளக்கு மறைந்தது.
வால் நிமிர்த்திய மீனை விளிம்புக்குக் கொண்டுவந்தேன்.
மேலே புகைபோக்கி தன்பாட்டுக்கு ஊதியது.
அண்ணாந்து பார்க்கவில்லை.
கயிற்றை விட்டேன்.
இருட்டில் எங்கோ அது தண்ணீரைப் பிடித்தது,
கை கனத்தது.